ஜிஹானா ரீச்சரின் முதற்பதிவு

இந்தத் தேநீரில் சீனி சற்றுக் கூட. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். அலுவலகத் தேநீரைத் திருத்தப் போய்த் தோற்றவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த வரிசையில் சேருகிற உற்சாகம் இப்போது என்னிடம் இல்லை.

விசாரணை என்று கூப்பிட்டு, நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள் என்கிறீர்கள், ஐயா. ஆயுள் முழுக்க மற்றவர்களின் வார்த்தைகளைத் திருத்தியவனிடம் அப்படிக் கேட்பது கொஞ்சம் கொடுமைதான். ஆனாலும் சொல்கிறேன். வரவேற்புரை, தலைமையுரை எதுவுமில்லாமல் நேரே விடயத்துக்கு வருகிறேன். மேடையில்லாத இடத்தில் பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சீவரத்தினம். ஊர் அரியாலை. தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகர். 'வெண்கட்டி' என்ற ஆசிரியர் வலைப்பூவின் தொகுப்பாளரும் நானே. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறை அனுபவங்களை எழுதி அனுப்புவார்கள். நான் வாசித்து, திருத்தி, 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்துவேன். அழுத்திய கணமே வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று எல்லாப் பக்கத்து ஆசிரியர்களின் கைத்தொலைபேசிகளிலும் ஒரு மணி அடிக்கும். அந்த மணி ஏன் அடிக்கவில்லை என்றுதான் உங்களுக்கு முறைப்பாடு வந்திருக்கிறது. நான் அழுத்தவில்லை. அதில் இரண்டு கதையில்லை. ஏன் அழுத்தவில்லை என்பது மட்டும் கொஞ்சம் நீளம்.

வெண்கட்டியை நாங்கள் முறைப்படி வெளியிட்டோம். வலைப்பூவுக்கு யாரும் மண்டபம் எடுப்பதில்லை என்று கணினி ஆசிரியர் ஒருவர் முணுமுணுத்தார். அவரை நன்றியுரைக்குப் போட்டோம், அடங்கிவிட்டார். மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை எல்லாம் ஒழுங்காக நடந்தன. முதற்பிரதி வழங்குகிற இடத்தில்தான் சிறு தடங்கல். வலைப்பூவுக்குப் பிரதி கிடையாது. ஆனால் முதற்பிரதி பெறவென்று ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். முகப்புப் பக்கத்தை அச்சடித்து, லமினேற் செய்து, சிவப்பு நாடா கட்டிக் கொடுத்தோம். கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்றும் அது அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வலைப்பூவை அவர் இதுவரை திறந்ததில்லை. கேட்டால், "என்னட்டைத்தானே முதற்பிரதி கிடக்கு" என்பார்.

வலைப்பூவுக்கு ஆதரவு தருவது கனடாவிலுள்ள ஒரு பழைய மாணவர் சங்கம். அதன் செயலாளர் மயூரதன் என்னிடம் படித்தவர். ஒருநாள் கணினித் திரையில் தோன்றிக் கதைத்தார்.

"சேர், குறை நினையாதேங்கோ. எழுதிற ஆக்களைப் பாத்தால் எல்லாரும் ஒரே தேரின்ரை வடம் பிடிச்ச ஆக்கள் மாதிரிக் கிடக்கு."

"வடம் பிடிக்க ஆரும் வரலாம் தம்பி."

"வரலாம் சேர். வந்தவையோ?"

அவர் கெட்டிக்காரப் பிள்ளை. படிக்கிற காலத்திலும் இப்படித்தான் பாடத்துக்கு வெளியே கேட்பார். பன்மைத்துவம் வேண்டும் என்றார். முஸ்லிம் ஆசிரியர்கள், கரையோரத்துக் கத்தோலிக்க ஆசிரியர்கள், தீவுப் பகுதியினர், இதுவரை எழுதாத பெண்கள், எல்லோரும் எழுத வேண்டும். அது நடந்தால் ஓர் ஆண்டு விழாவில் சங்கம் எனக்குப் 'பன்மைத்துவச் செம்மல்' என்ற பட்டத்தை வழங்கும். நான் பட்டத்துக்கு ஆசைப்படுகிறவன் இல்லை. எனக்கு ஏற்கெனவே இரண்டு பட்டங்கள் உண்டு. அவற்றை வழங்கிய சங்கங்கள்தான் இப்போது இல்லை.

களைத்துப்போகுமளவுக்கு முயன்றேன். பாசையூரிலிருந்து கொலின்ஸ் என்ற விஞ்ஞான ஆசிரியரைப் பிடித்தேன். சந்தையில் வாங்கிய பாரை மீனின் செவுளை வகுப்பில் விரித்துக் காட்டிச் சுவாசம் படிப்பித்ததை எழுதியிருந்தார். நல்ல விடயம். ஆனால் கடற்கரையில் நின்று கதைப்பதுபோல எழுதியிருந்தார். செம்மைப்படுத்தினேன். வெளிவந்த பிறகு தொலைபேசியில் எடுத்தார்.

"சேர், நல்லாய் வந்திருக்கு. என்ரை பேர் மட்டும் என்ரை மாதிரிக் கிடக்கு. மற்றதெல்லாம் ஆர் எழுதினது?"

அதன்பின் அவர் எழுதவில்லை. மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அழைத்தால் வருவார்கள், அறிமுகம் செய்துவைப்பேன், அறிமுகத்தோடு போய்விடுவார்கள். பதிவுகளின் கீழே கருத்துச் சொல்லவும் ஆளில்லை. ஒரேயொருவர் தவிர.

அந்த ஒருவர் பாலேஸ்வரி ரீச்சர். நகரத்தில் ஒரு சிறிய முஸ்லிம் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். தினமும் தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் இருந்தபடியே வெண்கட்டியை வாசிப்பார் போலும். வந்த எல்லாப் பதிவுகளின் கீழும் அவருடைய கருத்து இருக்கும். 'வாசித்தேன். நன்று.' அவ்வளவுதான். யார் எழுதினாலும் அதேதான். நன்றியுரையைப் பதிவாகப் போட்டபோதும் அதேதான். விசுவாசமான வாசகி. ஆனால் மயூரதனுக்கு நான் அனுப்பும் அறிக்கையில் அவரால் ஒரு பயனும் இல்லை. எங்கள் ஆள்தானே. பன்மையை அவர் ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை.

பிறகு நீக்கிலாப்பிள்ளை மாஸ்ரர் காலமானார். பூமிசாத்திரம் படிப்பித்தவர், நல்ல வயது. மரபுப்படி ஓர் அஞ்சலி எழுதிப் போட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது. எழுத நேரமில்லை என்ற அத்தனை பேரும் அதன் கீழே கருத்துச் சொல்ல வந்தார்கள். குருநகரிலிருந்து வந்தார்கள், நெடுந்தீவிலிருந்து வந்தார்கள். புத்தளத்தில் இருக்கிற ஹமீத் மாஸ்ரர், தொண்ணூறில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது எல்லாம் விட்டுவிட்டுப் போனவர், அவரும் வந்து நீளமாக எழுதினார். ஒருவரும் வலிந்து அழைக்கப்படவில்லை. எங்கள் ஆட்கள் வெள்ளிவிழாவுக்கு வராவிட்டாலும் செத்தவீட்டுக்கு வருவார்கள். மயூரதன் பூரித்துப்போனார். "உதைத்தான் சேர் நாங்கள் எதிர்பாத்தது" என்றார்.

அதற்காக யாருக்கும் சாவு வரவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. வந்தால் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். யார் யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்துவைத்திருப்பது நல்ல பழக்கம்தானே. விசாரித்தேன்.

இனி ஜிஹானா ரீச்சர். முறைப்பாடு கொடுத்தவர். பாலேஸ்வரியோடு ஒரே பாடசாலை, ஒரே ஓய்வறை, மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளையும் மாற்றிக்கொள்வார்களாம். புத்தளத்தில் பிறந்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவர். நான் இரண்டு வருடமாக அவரிடம் ஒரு பதிவு கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வலைப்பூவில் ஒரு முஸ்லிம் பெண் ஆசிரியரின் முதற்பதிவு எத்தனை பெரிய விடயம் என்று எடுத்துச் சொன்னேன். சிரிப்பார்.

"என்ரை பேரைப் போட்டு நீங்களே எழுதுங்கோ சேர். எழுதித் தந்தாலும் நீங்கள்தானே எழுதப்போறீங்கள்."

அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அது பொய். நான் பொய் செய்கிறவன் இல்லை.

ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய் காலையில் ஜிஹானா ரீச்சரின் பதிவு வந்தது. எனக்கு வந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. திறந்து பார்த்தேன். நாலு வரி. பாலேஸ்வரி ரீச்சருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. இரத்தம் நிற்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டும். அந்த வகை அருமை, ஆஸ்பத்திரியில் இருந்தது முதல்நாள் விபத்தொன்றில் அடிபட்டவர்களுக்குப் போய்விட்டது. யாருக்காவது அந்த வகை என்றால் உடனே வாருங்கள். கீழே தொலைபேசி இலக்கம். தலைப்பு இல்லை. பேச்சுத் தமிழ். நிறுத்தக்குறிகளும் இல்லை.

முகநூலிலும் போட்டிருந்தார் என்று பிறகு அறிந்தேன். அங்கே நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். உண்மையில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவருக்கு இரத்தத்தில் இரும்பு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே அவர் வெண்கட்டியின் மணியைத்தான் நம்பியிருந்தார்.

சிறிது நேரத்தில் தொலைபேசி வந்தது.

"சேர், அனுப்பியிருக்கிறன். பாத்தீங்களோ?"

"பாத்தன் பிள்ளை. நல்ல சந்தோசம். ரெண்டு வருசமாய்க் கேட்டது இண்டைக்குத்தான் பலிச்சிருக்கு."

"எப்ப போடுவீங்கள்?"

"தலைப்பைக் காணேல்லை."

"தலைப்பு என்னத்துக்கு சேர்? ரத்தம் வேணும். உதுதான் தலைப்பு."

"பிள்ளை, உங்கடை பக்கத்திலை இருந்து வாற முதற்பதிவு. காலத்துக்கும் நிக்கும். அதை எடுத்த எடுப்பிலை ரத்தம் எண்டு துவங்கினால் வடிவில்லை."

அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சில்லுச் சத்தம் கேட்டது.

"சேர், உங்களுக்கு என்ன குறூப்?"

அந்தக் கிழமை முழுக்க அவர் காண்கிற எல்லோரிடமும் கேட்ட கேள்வி அது.

"அதை விடுங்கோ. முதல் தலைப்பைப் பாப்பம்" என்றேன்.

எங்கள் வழமையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வெண்கட்டியில் ஒருவரது முதற்பதிவு என்றால் அவருடைய படம், தன்விபரம், ஒரு வாழ்த்துச் செய்தி, எல்லாம் சேர்ந்துதான் வெளிவரும். கொலின்ஸின் செவுளுக்குக்கூட ஒரு பணிப்பாளரின் வாழ்த்து வாங்கினேன். ஜிஹானா ரீச்சரின் பதிவை அதைவிடக் குறைவாக வெளியிட்டால் நாளைக்கு என்ன சொல்வார்கள்? முஸ்லிம் என்றபடியால் ஓரங்கட்டினார்கள் என்பார்கள். ஆகவே அதற்குரிய மரியாதை வேண்டும் என்று முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமை விழாவில் பிரதம விருந்தினர் தம் திருக்கரத்தால் அந்தப் பொத்தானை அழுத்துவார். நிகழ்ச்சி நிரலில் அந்த வரியைப் போட்டவுடன் விழாவுக்கே ஒரு களை வந்துவிட்டது.

புதன்கிழமை மறுபடியும் எடுத்தார்.

"படமும் அனுப்பிட்டன் சேர். இன்னும் போடேல்லை."

"நீங்கள் அனுப்பினது பாலேஸ்வரியின்ரை படம். எழுதினவரின்ரை படம்தான் எங்களுக்கு வேணும்."

"எனக்கு ரத்தம் வேண்டாம் சேர். அவக்குத்தான் வேணும்."

"விளங்குது பிள்ளை. வெள்ளிக்கிழமை பாருங்கோ, எப்பிடி வருதெண்டு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ தாங்குவாவோ தெரியாது. நாளைக்குள்ளை வேணுமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"உந்த வசனம் நல்லாயிருக்கு. அதையும் சேத்து அனுப்புங்கோ."

அனுப்பினார். தன் படத்தையும் அனுப்பினார், ஆஸ்பத்திரி விறாந்தையில் எடுத்தது, கண்கள் வீங்கியிருந்தன. வேறு நல்ல படம் இருந்தால் தரும்படி குறுஞ்செய்தி போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டு பதிவைச் செம்மைப்படுத்தினேன். 'ரத்தம் வேணும்' என்பதைக் 'குருதிக்கொடை எனும் பேரறம்' ஆக்கினேன். தனிப்பட்ட தொலைபேசி இலக்கங்களை வெளியிடுவது எங்கள் விதிகளுக்குப் புறம்பு, அதை எடுத்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தால் விளம்பரம் ஆகிவிடும், அதையும் எடுத்தேன். நாலு வரி நாலு பந்தியாயிற்று. எனக்குத் திருப்தி.

அன்று பின்னேரம் இன்னொரு வேலையும் பார்த்தேன். அதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எதையும் ஒளிப்பதற்கு எனக்கு இப்போது தெம்பில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் நினைவு மலரின் முதற்பக்கத்தில் திதி வெண்பா வரும். இறந்த மாதமும் பட்சமும் திதியும் சொல்லுகிற பாட்டு. பாலேஸ்வரிக்கு அதை எழுதினேன். கடைசி நேரத்தில் அவசரப்பட்டு எழுதினால் தளை தட்டும். பெயர், ஊர், குணம் எல்லாம் அமைந்துவிட்டன. திதிக்கு மட்டும் இடம் விட்டேன். பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், ஒரு ஆயத்தத்துக்குத்தான். வியாழன் தசமி. அடக்கமாக, விட்ட இடத்தில் போய் அமர்ந்தது. வெள்ளி ஏகாதசி. அது கனிச்சீர், வெண்பாவுக்குள் வராது, முழுப் பாட்டையும் பிரிக்க வேண்டும். பென்சிலால் தசமி என்று எழுதிவைத்தேன். பென்சிலால்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் பாலேஸ்வரி ரீச்சர் காலமானார்.

விழாவைப் பிற்போடலாமா என்று சிலர் கேட்டார்கள். அவருடைய நினைவாகவே நடத்துவது என்று முடிவு செய்தேன். மண்டப வாசலில் அவருடைய படத்தோடு பதாகை கட்டினோம். நல்லவேளை, ஜிஹானா ரீச்சர் அனுப்பிய படம் கையில் இருந்தது. குருதிக்கொடைப் பதிவை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்தேன். தேவை முடிந்த பிறகு அதை வெளியிடுவது முறையல்ல. அதற்குப் பதில் அஞ்சலியைப் பிரதம விருந்தினர் வெளியிட்டார். அவர் பொத்தானை அழுத்தினார். மண்டபம் முழுக்க, எல்லோரது சட்டைப் பைகளிலும் கைப்பைகளிலும், ஒரே நேரத்தில் மணி அடித்தது. அப்படியொரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. சபை எழுந்து நின்றது.

பட்டம் தரப்பட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். திரையில் மயூரதன் கண்ணைத் துடைத்தார். அஞ்சலியின் கீழே கருத்துகள் வந்து குவிந்தன. முஸ்லிம், கத்தோலிக்கர், சைவர், தீவகத்தார், வன்னிப் பகுதியார், ஆண், பெண். நான் இரண்டு வருடமாகக் கண்ட கனவு அது. ஒரு குறைதான். 'வாசித்தேன். நன்று.' என்று ஒருவரும் எழுதவில்லை.

கொலின்ஸும் எழுதியிருந்தார். "நான் ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரிக்கும் என்ரை வீட்டுக்கும் ஒரு சைக்கிள் ஓட்டத் தூரம்தான். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பறந்து வந்திருப்பனே." அதைப்போல வேறு சிலரும். தீவகத்திலிருந்து ஒருவர், உடுவிலிலிருந்து ஒருவர். கொலின்ஸின் கருத்தை எழுத்து நடைக்கு மாற்றி அனுமதித்தேன். கடைசி வசனத்தை மட்டும் எடுத்தேன். அஞ்சலியின் தொனிக்கு அது ஒத்துவரவில்லை.

ஜிஹானா ரீச்சரும் மண்டபத்துக்கு வந்திருந்தார். நான் பொன்னாடையோடு இறங்கி வரும்போது கதவடியில் நின்றார். ஏதோ ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"சேர், நான் அண்டைக்குக் கேட்டதுக்கு நீங்கள் பதில் சொல்லேல்லை."

"என்ன கேட்டனீங்கள் பிள்ளை?"

"நீங்கள் ஆறுதலாய் யோசியுங்கோ" என்றுவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் அந்தக் கேள்வியை இதுவரை கேட்கவில்லை, ஐயா. கேட்காததையும் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

எனக்கும் ஓ நெகட்டிவ்தான். முந்தி பாடசாலை இரத்ததான முகாம்களில் கொடுத்திருக்கிறேன். அதிபர் பக்கத்தில் நிற்க, பத்திரிகையில் படமும் வந்தது. சீனி வருத்தமில்லை, பிரஷர் இல்லை, வயதும் இன்னும் கடக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் விழாவுக்குப் பொன்னாடை எடுக்கப் போனேன். கடைக்கு ஆஸ்பத்திரி வாசலால்தான் போகவேண்டும். மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. ஜிஹானா ரீச்சர் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்து, வீதியால் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். தலைக்கவசம் போட்டிருந்ததால் அவர் என்னை அடையாளம் காணவில்லை.

சோம்பலால் நான் போகவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பயமும் இல்லை. அந்த வாசலில் நின்று நான் நிதானமாகவே யோசித்தேன். இரண்டு வருடமாக எல்லோரும் என்னைக் குற்றம் சொன்னது ஒன்றைத்தான். எல்லாவற்றையும் நானே செய்கிறேன், மற்றவர்களுக்கு இடம் விடுவதில்லை என்று. அன்றைக்கும் நானே உள்ளே போய்க் கையை நீட்டியிருந்தால் விடயம் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும், வெள்ளிக்கிழமை மற்றவர்கள் பங்குபற்ற அங்கே ஒன்றுமே மிஞ்சியிராது.

ஆகவே, ஐயா, வாழ்க்கையில் முதற்தடவையாக, மற்றவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கிப் போனேன்.